விரைவான சாவின் பௌதிகம்

திருகோணமலை மாவட்டத்தில் புள்ளிமானுக்கு இரண்டு விதமான வாழ்க்கை. பிரடெரிக் கோட்டையின் வாசலைத் தாண்டிக் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதியோரத்தில் அது பட்டப்பகலில் படுத்து அசைபோடும். கோயிலுக்கு வருபவர்கள் பழத்தை நீட்டினால் எழுந்து வந்து தின்னும். கந்தளாய், மொரவெவ, குச்சவெளி, வெருகல் பக்கத்துக் காடுகளில் அதே மான் மனித வாடை பட்டதுமே பாய்ந்து மறையும். துவக்கு எவ்வளவு தூரம் எட்டும் என்பதை அங்குள்ள மந்தைகள் கற்றிருக்கின்றன. 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இந்த இரண்டு மானையும் ஒன்றாகவே பாதுகாக்கிறது. ஆனாலும் மான் வற்றல் கைமாறுவது நிற்கவில்லை. இந்த அத்தியாயம் வேட்டை சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அதைவிடக் குறுகிய ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறது: ஒரு மானைக் கொல்வதென்றால், அது துன்பப்படாமல் சாக என்ன வேண்டும்? பெரிய துவக்கும் பலமான குண்டும் இருந்தால் போதும் என்பதே பலரும் சொல்லும் பதில். உடற்றொழிலியலும் பௌதிகமும் வேறு பதில் தருகின்றன. சாவின் வேகத்தைத் தீர்மானிப்பது முதலில் குண்டு படும் இடம். அந்த இடத்தைத் தீர்மானிப்பவை தூரமும் வெளிச்சமும் சுடுபவரின் பொறுமையும். குண்டின் வகை அதற்குப் பிறகுதான் வருகிறது. இந்த வரிசையை ஒப்புக்கொண்டால், இந்த மாவட்டத்துக் காடுகளில் இன்று நடக்கும் வேட்டை எதையும் துன்பம் குறைந்த வேட்டை என்று சொல்ல முடியாது.

முதலில் அளவுகோலை உறுதிசெய்துகொள்ள வேண்டும். இதயம் எப்போது நின்றது என்பது இங்கே முக்கியமல்ல. உணர்வு எப்போது போனது என்பதே முக்கியம், ஏனென்றால் வலி இருப்பது மூளை விழித்திருக்கும் வரைதான். மூளைக்கு ஒட்சிசன் சேமிப்பு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. குருதி வரவர எடுத்துச் செலவழிக்கும் உறுப்பு அது. 1943இல் அமெரிக்காவில் ரோசன், கபாட், அண்டர்சன் ஆகிய மூவரும் இளைஞர்களான தன்னார்வலர்களின் கழுத்தைச் சுற்றிக் காற்றுப்பட்டை கட்டி, மூளைக்குச் செல்லும் குருதியைத் திடீரென நிறுத்திப் பார்த்தார்கள். அவர்கள் நினைவிழக்க 5 முதல் 10 செக்கன் வரைதான் எடுத்தது. இன்றைய ஆய்வொழுக்கம் அனுமதிக்காத அந்தப் பரிசோதனை நமக்கு ஓர் அடிப்படை எண்ணைத் தந்துவிட்டது. மார்பில் குண்டு பட்ட மான், இதயமோ பெருநாடியோ முற்றாகச் சிதைந்தாலும், ஏறத்தாழ அந்த அளவு நேரம் உணர்வோடு இருக்கும். செக்கனுக்கு 10 மீட்டர் ஓடும் விலங்குக்கு 8 செக்கன் என்றால் 80 மீட்டர். இதயத்தில் வெடிபட்ட மான் விழாமல் ஓடுவதைப் பார்த்து, வெடி தவறிவிட்டது என்று வேட்டைக்காரர் திரும்பிப் போவதன் காரணம் இதுதான். ஓடிய மான் ஏற்கனவே செத்துக்கொண்டிருக்கிறது. குருதி எவ்வளவு விரைவாக வெளியேறுகிறதோ அவ்வளவு விரைவாக அந்த ஓட்டம் முடியும். சிறிய நாளம் ஒன்று மட்டும் அறுந்திருந்தால் அதே மான் மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

ஆகவே இடம். பக்கவாட்டில் நிற்கும் மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, மார்பின் அடிக்கோட்டிலிருந்து உடல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு மேலே, இதயமும் இரு சுவாசப்பைகளும் பெரு நாடி நாளங்களும் நெருங்கிக் கிடக்கின்றன. இரண்டு கையும் சேர்த்து விரித்த அளவுள்ள இந்தப் பரப்புக்குள் குண்டு எங்கே பட்டாலும் விளைவு ஏறக்குறைய ஒன்றே: குருதியழுத்தம் சரிகிறது, நெஞ்சறைக்குள் காற்றுப் புகுந்து சுவாசப்பை சுருங்குகிறது, மூளை அணைகிறது. அங்கிருந்து ஒரு சாண் பின்னே போனால் கதையே வேறு. பிரிமென்தகட்டுக்கு அப்பால் நான்கறை இரைப்பையும் குடலும் இருக்கின்றன. அங்கே பட்ட குண்டு பெருங்குருதிக் குழாய் எதையும் தொடாமல் போகக்கூடும். அரைபட்ட புல்லும் நுண்ணுயிர்களும் வயிற்றறைக்குள் கொட்டி, மான் மெல்ல மெல்லச் சாகும், இறைச்சியும் கெடும். முன்னே போனால் தோள் எலும்பு. அங்கே படும் வெடி காலை முறிக்கலாம், கொல்லாமல் விடலாம். மான் நேராக நம்மைப் பார்த்து நிற்கும்போதும், பின்புறம் காட்டி ஓடும்போதும் அந்தச் சிறு பரப்பு ஒன்றில் ஒடுங்கிவிடும் அல்லது வயிற்றின் பின்னே மறைந்துவிடும். பக்கவாட்டில், அசையாமல், முழு உடலும் தெரிய நின்றால் மட்டுமே அது உண்மையான இலக்கு.

அப்படியானால் தலையில் சுட்டால் என்ன என்று கேட்கலாம். மூளையில் பட்டால் உணர்வு அதே கணத்தில் போகும், ஓட்டமே இல்லை. இது உண்மை. ஆனால் மானின் தலை பெரிது, அதற்குள் மூளை சிறிது. அந்தத் தலையும் ஓயாமல் அசைவது. மூளைக்கு நாலு விரற்கடை கீழே தாடை. தாடை சிதைந்த மான் ஓடித் தப்பும், தின்ன முடியாது, குடிக்க முடியாது, நாட்கணக்கில் பட்டினியில் சாகும். கழுத்தும் அப்படித்தான். முண்ணாணில் பட்டால் நின்ற இடத்தில் விழும். சற்று விலகினால் தசைக்காயத்தோடு காட்டுக்குள் போய்விடும். இரண்டு தெரிவுகளையும் எப்படி ஒப்பிடுவது? நன்றாக அமைந்த வெடிகளை மட்டும் வைத்துப் பார்த்தால் தலையே மேல். தவறிய வெடிகளையும் சேர்த்தால் மார்பு வெல்கிறது, ஏனெனில் மார்பைக் குறிவைத்துச் சில அங்குலம் விலகினாலும் பெரும்பாலும் சுவாசப்பையில்தான் படும். துன்பத்தைக் குறைப்பதே நோக்கமென்றால் சிறந்த வெடியை வைத்து முறையைத் தெரிவுசெய்யக் கூடாது. மோசமான வெடி என்ன செய்யும் என்பதை வைத்தே தெரிவுசெய்ய வேண்டும். இந்த விதியை மனதில் வைத்துக்கொண்டால் குண்டைப் பற்றிய விவாதமும் தெளிவாகும்.

குண்டு எப்படிக் காயம் செய்கிறது என்பதை முறையாக ஆராயத் தொடங்கியவர்களில் ஒருவர் சுவிற்சர்லாந்தின் சத்திரசிகிச்சை நிபுணர் எமில் தியோடர் கோகர். தைரொயிட் ஆய்வுக்காக 1909இல் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய குண்டுக் காய ஆய்வுகளுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, அமெரிக்க இராணுவ மருத்துவர் மாட்டின் ஃபக்லர், தசையின் தன்மையை ஒத்த ஜெலற்றின் கட்டிகளுக்குள் குண்டுகளைச் சுட்டு, ஒவ்வொன்றும் விட்டுச்செல்லும் தடத்தை அளந்தார். தடம் இரண்டு வகை. குண்டு நேரடியாக நசுக்கிச் செல்லும் வழி நிலையானது. அதைச் சுற்றித் தசை ஒரு கணம் விரிந்து மீளும் குழி தற்காலிகமானது. சுவாசப்பை நெகிழ்ந்து கொடுக்கும். ஈரலும் மூளையும் கொடுக்காமல் கிழியும். இயக்கச் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்பது பள்ளிக்கூடப் பாடம். 9.7 கிராம் குண்டு செக்கனுக்கு 820 மீட்டரில் போனால் ஏறத்தாழ 3,260 யூல். ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்துச் சாவை அளக்க முடியாது. உடலுக்குள் செலவாகாமல் மறுபக்கம் வெளியேறிப் போகும் சக்தி மரத்தையோ மண்ணையோதான் காயப்படுத்தும். எவ்வளவு சக்தி இருந்தது என்பதைக் காட்டிலும், மார்பின் அகலத்துக்குள் குண்டு எவ்வளவு பெரிய வழியைத் திறந்தது என்பதே கேள்வி.

இந்தக் கேள்விக்கான விடை நமது பிராந்தியத்திலேயே, போர் என்ற வேறொரு தேவையிலிருந்து பிறந்தது. 1890களில் பிரித்தானிய இந்தியப் படைகள் பயன்படுத்திய .303 குண்டு முழுவதும் உலோக உறையால் மூடப்பட்டது. எல்லைப்புறப் போர்களில் அது ஆட்களைத் துளைத்துக்கொண்டு போனதே தவிர அவர்களை நிறுத்தவில்லை என்று முறைப்பாடுகள் எழுந்தன. கல்கத்தாவுக்கு அருகே டம்டம் என்ற ஊரிலிருந்த ஆயுதத் தொழிற்சாலை அந்த உறையின் நுனியை நீக்கி, உள்ளிருந்த ஈயத்தை வெளியே காட்டியது. தசையில் பட்டதும் அந்த நுனி காளான்போல் விரிந்து, தன் விட்டத்தைவிட மிகப் பெரிய வழியைத் திறந்தது. 1899 ஜூலையில் ஹேக் நகரில் கூடிய நாடுகள் இத்தகைய குண்டுகளைப் போரில் தடைசெய்தன. 1963இல் இங்கிலாந்தின் மான்கள் சட்டம் நேர்மாறாக விதித்தது: மானைச் சுடும் ரைபிளின் குண்டு மென்னுனியோ குழிநுனியோ கொண்டதாக, அதாவது விரிவதாக, இருக்க வேண்டும், விட்டம் 0.240 அங்குலத்துக்கும், குழல்வாயிலிருந்து புறப்படும்போது அதன் சக்தி 1,700 அடி இறாத்தலுக்கும், அதாவது சுமார் 2,300 யூலுக்கும், குறையக் கூடாது. மனிதனுக்குக் கொடூரமென்று விலக்கியதை மானுக்குக் கருணையென்று கட்டாயமாக்கியது முரண்போலத் தோன்றும். முரண் இல்லை. போரில் காயப்பட்டவரைத் தூக்கிச்செல்ல ஆளும் மருத்துவரும் உண்டு. உயிர் பிழைக்கும் வாய்ப்பைக் காப்பது அங்கே கருணை. காட்டில் காயப்பட்ட மானுக்கு மருத்துவர் இல்லை. உடனே சாவதைத் தவிர அதற்கு வேறு நல்ல முடிவு கிடையாது.

இலங்கைக் காடுகளுக்கு இந்த ஒப்பீடு சும்மா வரலாறல்ல. நீண்ட போர் விட்டுச்சென்ற துவக்குகளில் அதிகம் பேசப்படுவது டி-56. அதன் ரவை சுமார் 8 கிராம் எடையோடு செக்கனுக்கு 710 மீட்டர் அளவில் பறக்கும். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 2,000 யூல். இங்கிலாந்துச் சட்டத்தின் அடிமட்டத்தையே அது தொடவில்லை. அதைவிட முக்கியம், அது முழு உறையிட்ட போர் ரவை. அதே வகை ஏகே-47 ரவை தசைக்குள் சுமார் 26 சென்ரிமீற்றர் நேராகப் போன பிறகே கவிழத் தொடங்குகிறது என்று ஃபக்லர் காட்டினார். பக்கவாட்டில் நிற்கும் புள்ளிமானின் மார்பு அவ்வளவு அகலமில்லை. ரவை கவிழ்வதற்கு முன்பே மறுபக்கம் வெளியேறிவிடும். உள்ளே மிஞ்சுவது பென்சில் தடிப்பில் ஒரு துளை. தானியங்கியாகப் பத்து ரவை பாய்ச்சினால் மான் விழும் என்பது சரிதான், ஆனால் அவற்றில் எத்தனை வயிற்றிலும் காலிலும் பட்டன, மந்தையில் அருகே நின்ற எத்தனை மான்கள் காயத்தோடு ஓடின என்பதை எவரும் எண்ணுவதில்லை. அதிக வெடி என்பது அதிகக் கருணை அல்ல.

விரியும் குண்டைப் பற்றிய அறிவு வேட்டைக்காரரிடையேயும் பழையது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நுவரெலியாவில் குடியிருந்து இலங்கை வேட்டையைப் பற்றி 1853இல் நூல் வெளியிட்ட சாமுவேல் பேக்கர், பிற்காலத்தில் எழுதியபோது சுத்தமான மென்னீயக் குண்டையே விரும்பினார்: அது உடலுக்குள் தட்டையாகி, தன் பலம் முழுவதையும் உள்ளேயே செலவழிக்கும் என்பது அவரது வாதம். அனுபவத்தில் கண்டதை அவர் சரியாகவே கண்டார். அவர் அறியாதது ஈயத்தின் மறுபக்கம். வேகமான மென்னீயக் குண்டு விரியும்போது நுண்துகள்களாகவும் சிதறும். காயத்தைச் சுற்றிய இறைச்சியில் கண்ணுக்குத் தெரியாமல் படியும். அமெரிக்காவில் 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ரைபிளால் கொல்லப்பட்ட 30 மான்களின் பொதிசெய்த இறைச்சியைக் கதிர்ப்படம் எடுத்தபோது, பெரும்பாலான மான்களின் பொதிகளில் உலோகத் துகள் இருந்தது. அந்த இறைச்சியைத் தின்ற பன்றிகளின் குருதியில் ஈயம் ஏறியது. கழிவைத் தின்னும் கழுகுகளும் இதனால் செத்தன. கலிபோர்னியா 2019இலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டையே தடைசெய்தது. செப்புக் குண்டு சிதறாமல் விரியும், எடையை இழக்காது. ஆனால் விரிவதற்கு அதற்குக் கூடிய வேகம் தேவை, ஆகவே தூரத்தில் அது நம்பகம் குறைந்தது. குண்டுத் தெரிவு என்பது இத்தனை நுட்பமான கணக்கு. இந்தக் கணக்கு முழுவதும் ஒரு முன்நிபந்தனையின் மேல்தான் நிற்கிறது: அந்தக் குண்டு நெஞ்சறைக்குள் போக வேண்டும்.

இந்த மாவட்டத்தின் உண்மை நிலைக்கு இப்போது வருவோம். காட்டோரக் கிராமங்களில் கிடைப்பது நுட்பமான ரைபிள் அல்ல. பயிரைக் காக்க அனுமதிப்பத்திரத்தோடு கொடுக்கப்படும் 12 போர் சொட்கன் ஒருபுறம். ஊர்க் கொல்லர் செய்யும் இடியன் துவக்கு மறுபுறம். சொட்கனில் மானுக்கென்று போடும் எஸ்ஜி தோட்டாவில் ஒன்பது அளவில் சன்னங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் சுமார் மூன்றரைக் கிராம். வாயிலிருந்து புறப்படும்போதே ஒரு சன்னத்தின் சக்தி 250 யூலை ஒட்டியது, ரைபிள் குண்டினுடையதில் பத்திலொரு பங்கும் இல்லை. உருண்டை வடிவம் காற்றில் விரைவாக வேகம் இழக்கும். முப்பது, நாற்பது மீட்டரில் சன்னங்கள் மானின் உடல் முழுவதற்கும் பரவிவிடும். இரண்டு நெஞ்சில், ஒன்று வயிற்றில், ஒன்று காலில் என்று படும். இடியன் துவக்கில் கருமருந்தும் கையில் கிடைத்த ஈயக்கட்டியும் இரும்புத் துண்டுமே சன்னம். அடுத்த வெடிக்கு மீண்டும் இடித்து நிரப்ப வேண்டும். காயப்பட்ட மானுக்கு உடனே இரண்டாவது வெடி வைப்பது அதில் நடவாத காரியம். இதற்கு மேல் இரவு. நெற்றி விளக்கின் ஒளியில் தெரிவது இரண்டு கண்கள் மட்டும். மான் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது, பின்னே குட்டி நிற்கிறதா, சினையா என்பது தெரியாது. மார்பு கண்ணில் படாததால் வெடி தலையை நோக்கியே போகும். மேலே பார்த்த மோசமான தெரிவு, இரவு வேட்டையில் ஒரே தெரிவாகிவிடுகிறது. இங்கிலாந்துச் சட்டம் சூரியன் மறைந்து ஒரு மணி கழிந்தது முதல் உதிப்பதற்கு ஒரு மணி முன்வரை மான் சுடுவதைத் தடுத்ததன் தர்க்கம் இங்கேயும் அப்படியே பொருந்தும்.

கட்டுத்துவக்கில் சுடுபவரே இல்லை. விலங்கு நடக்கும் தடத்தில், குறித்த உயரத்தில் துவக்கைக் கட்டி, விசையோடு கயிற்றை இழுத்து வைத்துவிட்டுப் போனால், கயிற்றில் கால் இடறுவது எதுவோ அது வெடிபடும். பன்றிக்கு அளந்த உயரம் மானுக்கு வயிறு, மரைக்குக் கால், விறகு பொறுக்கப் போன மனிதருக்கு முழங்கால். காட்டோர மாவட்டங்களின் வைத்தியசாலைகளுக்கு இந்தக் கால் காயங்கள் புதியவை அல்ல. சுருக்குக் கம்பியும் இதே இனம். அது எதையும் தெரிவுசெய்யாது, கொல்லவும் செய்யாது, பிடித்து வைத்துக்கொள்ளும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில் சுருக்கில் சிக்கிய அபூர்வமான கருஞ்சிறுத்தை மீட்கப்பட்ட பிறகும் சில நாளில் இறந்தது. கம்பி இறுகியபடி போராடும் விலங்குக்கு எத்தனை மணி நேரம் உணர்வு இருந்தது என்று கேட்டால், செக்கன் கணக்கில் தொடங்கிய நமது அளவுகோல் நாட்கணக்கில் போய் நிற்கும். குண்டு எதுவென்ற கேள்விக்கே இங்கே இடமில்லை.

நல்ல நிலையில், பயிற்சி பெற்றவர்கள், நல்ல ரைபிளோடு சுட்டால் என்ன நடக்கிறது என்பதற்கு அளவு உண்டு. பிரித்தானியாவில் 2000இல் வெளியான பிராட்ஷோ, பேற்சன் ஆய்வில், தேர்ந்த வேட்டையாளர்கள் சுட்ட செம்மான்களில் நூற்றுக்கு 11க்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வெடி தேவைப்பட்டது. 7 மான்கள் சாக 2 முதல் 15 நிமிடம் எடுத்தன. 2 காயத்தோடு தப்பின. 2014இல் வந்த இன்னொரு ஆய்வு 102 வேட்டையாளர்கள் பதிந்த 2,281 வெடிகளை ஆராய்ந்தது: நூற்றுக்கு 96 பட்டன, பட்டவற்றில் 93 அந்த ஒரே வெடியில் கொன்றன. துவக்கை ஊன்றி வைத்துச் சுட்டதும், அவசரப்படாமல் சுட்டதும் தவறைக் குறைத்தன. இந்த எண்களை இருவிதமாக வாசிக்கலாம். விதிகளுக்கு உட்பட்ட பகல்வேட்டை பெரும்பாலும் விரைவான சாவைத் தருகிறது என்பது ஒன்று. அப்படிப்பட்ட நிலையிலும் ஒரு சிறு பங்கு மான்கள் நிமிடக்கணக்கில் துன்பப்படுகின்றன என்பது மற்றது. ஊன்றுகோல், பகல் வெளிச்சம், விரியும் குண்டு, பயிற்சி, அவசரமின்மை என்று இத்தனையும் சேர்ந்தபோதே இதுதான் கிடைக்கிறதென்றால், இவற்றில் ஒன்றுகூட இல்லாத இரவில் அந்தப் பங்கு எவ்வளவு பெருகும் என்பதை ஊகிக்கப் புள்ளிவிவரம் தேவையில்லை.

இதற்கு வரும் முதல் மறுப்பு, காட்டில் சிறுத்தை மட்டும் மென்மையாகவா கொல்கிறது என்பது. இல்லைதான். அது தொண்டையைக் கவ்வி மூச்சை அடைத்துக் கொல்கிறது, நிமிடங்கள் ஆகும். ஆனால் சிறுத்தையின் பிடியில் விழுந்த மான் அங்கேயே சாகிறது, பெரும்பாலும் முழுதாகத் தின்னப்படுகிறது. மோசமான வெடி அந்தச் சாவுக்கு மாற்றாக வருவதில்லை. காயத்தோடு ஓடிய மான் பிறகு நரிக்கோ நாய்க்கோ புழுவுக்கோ இரையாகி, இயற்கை தந்திருக்கும் துன்பத்துக்கு மேலாக இன்னொன்றையும் அனுபவிக்கிறது. தவிர, சிறுத்தைக்குத் தெரிவு இல்லை. தெரிவு உள்ளவரிடம் மட்டும்தான் கருணையைப் பற்றிக் கேட்க முடியும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கங்களில் தமிழ் பேசும் கரையோர வேடர் சமூகம் வேட்டையையும் தேனையும் நம்பி வாழ்ந்த நினைவோடு இன்றும் இருக்கிறது. செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலில் இந்தக் கரையோரக் குடிகளும் இடம்பெற்றார்கள். சேனைப் பயிரை இரவு முழுவதும் காத்து, அறுவடைக்கு முதல் நாள் மந்தையிடம் இழந்த விவசாயியும் இருக்கிறார். அவர்களிடம் பௌதிகம் பேசுவது நகரத்தவரின் ஆடம்பரம் என்று சொல்லலாம். ஆனால் இந்த வாதத்தைச் சற்று உள்ளே போய்ப் பார்த்தால் அது நமது முடிவையே பலப்படுத்தும். வில்லும் அம்பும் கொண்டவர் மிக நெருங்கியாக வேண்டும். காற்றின் திசையையும் மான் நிற்கும் நிலையையும் கவனிக்காமல் ஒரு அம்பும் எய்ய முடியாது. பட்ட பிறகு குருதித்தடம் பார்த்துத் தேடிப் போகத் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்து விதிகளால் புகுத்த முயலும் ஒழுக்கம் அந்த வாழ்க்கையின் தேவையாகவே இருந்தது. கட்டுத்துவக்கும் சுருக்குக் கம்பியும் நெற்றி விளக்கும் அந்த மரபின் தொடர்ச்சி அல்ல. அந்த மரபு கேட்ட உழைப்பைத் தவிர்க்க வந்த குறுக்குவழிகள். வயலைக் காக்க வேண்டியவருக்குத் தேவை மந்தை உள்ளே வராதிருப்பது. வேலி அதைச் செய்யும், இருட்டில் வைக்கும் வெடி செய்யாது.

மூன்றாவது மறுப்புத்தான் மிகக் கூர்மையானது. தடை வேட்டையை நிறுத்தவில்லை, இருட்டுக்குள் தள்ளியது மட்டுமே; அகப்படுவோம் என்ற பயத்தில் காயப்பட்ட மானைத் தேடக்கூட ஒருவரும் நிற்பதில்லை; ஆகவே அனுமதிப்பத்திரம், பயிற்சி, பருவம் என்று சட்டத்துக்குள் கொண்டுவந்தால் துன்பம் குறையும் என்று இது சொல்கிறது. இதன் முதல் பாதி உண்மை. இலங்கைக்கு அப்படியொரு வரலாறும் உண்டு: இன்றைய வனஜீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1894இல் வேட்டைக்காரர்கள் தொடங்கிய வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கமாகவே பிறந்தது, அனுமதிப்பத்திரமும் பருவமும் காலனித்துவக் காலத்தில் இருந்தன. ஆனால் பிரித்தானியாவில் மான் சுடுவது தேவையாவது, அங்கே ஓநாய் அற்றுப்போனதால் மந்தை கட்டுக்கடங்காமல் பெருகுவதாலேயே. இலங்கையின் உலர்வலயத்தில் சிறுத்தை இன்னும் இருக்கிறது. புள்ளிமான் அதன் முதன்மை உணவு. அந்த உணவைப் பங்குபோட ஒரு அனுமதிமுறையை உருவாக்கும் சூழலியல் தேவை இல்லை. தேவையில்லாத ஒன்றை நன்றாகச் செய்யும் வழியைத் தேடுவதைக் காட்டிலும், கட்டுத்துவக்கையும் சுருக்கையும் காட்டிலிருந்து அகற்றுவதில் அதே ஆளையும் பணத்தையும் செலவிட்டால் ஒரு ரூபாவுக்குக் குறையும் துன்பம் அதிகம்.

திருகோணமலை நகரத்து மந்தையைப் பற்றியும் இதே கேள்வி ஒருநாள் வரலாம். வீதியில் வாகனம் மோதுகிறது, நாய் கடிக்கிறது, குப்பையில் பிளாஸ்ரிக் தின்று மான் சாகிறது. எண்ணிக்கையைக் குறைக்கலாமே என்று யாராவது சொல்லக்கூடும். அப்போதும் விடையைத் தருவது நாம் கண்ட அளவுகோல்தான். ரைபிள் குண்டு மானோடு நிற்பதில்லை. தடுக்க மண்மேடு இல்லாவிட்டால் கிலோமீற்றர் கணக்கில் போகும். இரு பக்கமும் கடலும் நடுவே வீடும் கோயிலும் இராணுவ முகாமும் கொண்ட நிலத்துண்டில் அப்படியொரு பின்புலம் கிடைக்காது. பிடித்து வேறு காட்டில் விடுவதும் இலேசல்ல: துரத்திப் பிடிக்கும் அச்சமே மானின் தசையைச் சிதைத்து, பிடிபட்ட சில நாளில் கொல்லும் நோய் மான் இனங்களில் நன்கு அறியப்பட்டது. ஆகவே நகரத்தில் முதல் வேலை குப்பையை மூடுவதும், கண்டபடி உணவு கொடுப்பதை நிறுத்துவதும், நாய்களைக் கட்டுப்படுத்துவதும். இவற்றைச் செய்யாமல் துவக்கைப் பற்றிப் பேசுவது வரிசையைத் தலைகீழாக்குவது.

இந்த வரிசைதான் அத்தியாயத்தின் முடிவும். மானைக் கொல்ல வேண்டும் என்று யார் முன்வந்தாலும் அவரிடம் கேட்க வேண்டியவை இவை: பகலா, மான் பக்கவாட்டில் அசையாமல் நிற்கிறதா, தூரம் உங்கள் கைக்கு அடங்கியதா, பின்னே மண் இருக்கிறதா, இரண்டாவது வெடி தயாரா, ஓடினால் தேடிப் போவீர்களா? இவை எல்லாவற்றுக்கும் ஆம் என்று பதில் வந்த பிறகே குண்டு செம்பா ஈயமா, விரிவதா உறையிட்டதா என்ற பேச்சுக்குப் பொருள் உண்டு. ஒன்றுக்கு இல்லை என்றாலும் உலகின் மிகச் சிறந்த குண்டால் அந்தக் குறையை நிரப்ப முடியாது. இன்று இந்த மாவட்டத்துக் காட்டில் அநேகமாக எல்லாவற்றுக்கும் பதில் இல்லை என்பதே. மானைக் காக்க எழுதப்பட்ட சட்டம், அது துடித்துச் சாகாமல் இருக்கவும் வழிசெய்கிறது. அந்தச் சட்டத்தை மாற்றக் கேட்பவர், முதலில் மேலேயுள்ள ஆறு கேள்விகளுக்கும் காட்டிலேயே விடை காட்டட்டும்.